கர்ப்பமான பிறகு கணவன் மனைவி சேர்ந்து இருப்பதா, தள்ளி இருப்பதா?

கர்ப்பம் உறுதியான அன்றே பல வீடுகளில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது. பப்பாளி வேண்டாம், அன்னாசி வேண்டாம், டூவீலரில் போக வேண்டாம் என்ற வரிசையில், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்க வேண்டாம் என்பதும் வந்துவிடுகிறது. மாமியார் தன் பாயை மருமகளின் அறைக்கு மாற்றிக்கொள்கிறார். இல்லையென்றால், "மூணு மாசம் அம்மா வீட்ல இருந்துட்டு வரட்டும்" என்று பேச்சு எழுகிறது. சம்பந்தப்பட்ட இருவரிடமும் யாரும் கேட்பதில்லை. டாக்டரிடம் கேட்கலாம் என்றால் வெட்கம் விடுவதில்லை.

அந்த இருவரும் விஷயம் தெரிந்து தாங்களே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்வரை முழுக்க விலகி இருக்கலாம். மாதத்துக்கு மாதம் உடம்பைப் பார்த்து, தேவையான மாற்றங்களோடு உடலுறவைத் தொடரலாம். உடலுறவை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்ற நெருக்கத்தை வைத்துக்கொள்ளலாம். இவற்றில் முதல் வழிதான் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று நம் ஊரில் பெரும்பாலோர் நம்புகிறோம். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. டாக்டர் காரணம் சொல்லி விலகச் சொன்னால் கதை வேறு; அங்கே பேரம் பேச இடமில்லை.

குழந்தைக்கு அடிபடுமா?

பயத்தின் வேர் இதுதான் என்பதால் முதலில் இதைப் பார்த்துவிடுவோம். குழந்தை இருப்பது கர்ப்பப்பைக்குள், பனிக்குடத்தில், தண்ணீருக்கு நடுவே. கர்ப்பப்பையின் சுவர் தடித்த தசை. அதன் வாய் கர்ப்ப காலம் முழுக்க இறுக மூடியிருக்கும். கெட்டியான சளி ஒன்று அதை அடைத்துக்கொண்டும் இருக்கும். உடலுறவின்போது ஆணுறுப்பு பெண்ணின் பிறப்புறுப்புக்குள் மட்டுமே இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் போவதில்லை. குழந்தையைத் தொடவோ, இடிக்கவோ வழியில்லை. விந்துவும் குழந்தை மேல் படாது. உறவுக்குப் பிறகு குழந்தை கொஞ்சம் அதிகமாக அசைவதைச் சிலர் உணர்வார்கள். அம்மாவின் நாடித்துடிப்பு கூடியதும், கர்ப்பப்பை லேசாக இறுகித் தளர்ந்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். குழந்தைக்கு வலிக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

அடுத்த பயம், கரு கலைந்துவிடும் என்பது. தெரியவந்த கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள். அதற்குப் பெரிய காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் நேரும் கோளாறு. முதல் மாதங்களில் கலைபவற்றில் பாதிக்குக் குறையாமல் இந்த வகைதான். முதல் மூன்று மாதம் தொடக்கூடாது என்ற வழக்கம் எப்படி நிலைத்தது என்பது இதிலேயே தெரிகிறது. கலைவது அந்த மாதங்களில்தான் அதிகம். புதுமணத் தம்பதி சேர்ந்து இருப்பதும் அந்த மாதங்களில்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முந்தின நாள் இரவு சேர்ந்து இருந்து, மறுநாள் ரத்தம் பட்டு, கரு கலைந்துபோன பெண்கள் அந்தக் குற்ற உணர்ச்சியை வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள். கணவனிடம்கூடச் சொல்வதில்லை. அடுத்த கர்ப்பத்தில் அவன் கை பட்டாலே நடுங்குகிறார்கள். பல நேரங்களில் ரத்தம் தெரிவதற்கு ஒரு வாரமோ அதற்கும் மேலோ முன்பே கருவின் வளர்ச்சி நின்றுபோயிருக்கும். ஸ்கேனில் அது தெரியும். அந்த இரவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படி ஒரு பெண் உங்கள் வீட்டில் இருந்தால் அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

படித்தவர்களுக்கும் இந்தப் பயம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1979இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் நாயி, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடலுறவு கொண்டால் பனிக்குட நீரில் தொற்று கூடுகிறது என்று ஒரு ஆய்வை வெளியிட்டார். அது பெரிதாகப் பேசப்பட்டது. அவர் கணக்கிட்ட முறையில் குறை இருக்கிறது என்று பின்னால் பலர் எழுதினார்கள். 1993இல் 13,000 கர்ப்பிணிகளுக்கு மேல் வைத்து நடந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், அடிக்கடி சேர்ந்து இருப்பதால் மட்டும் குறைப்பிரசவம் கூடியதாகத் தெரியவில்லை. பிறப்புறுப்பில் டிரைக்கோமோனஸ் மாதிரியான சில கிருமிகள் ஏற்கெனவே இருந்தவர்களிடம்தான் வித்தியாசம் தெரிந்தது. எனவே வெள்ளைப்படுதலில் நாற்றமோ, நிறமாற்றமோ, அரிப்போ இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுக்க வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு, சேர்ந்து இருக்காமல் மட்டும் இருந்தால் குழந்தைக்கு நல்லது என்று நினைப்பதில் பிரயோஜனமில்லை.

அரசாங்கப் பக்கமிருந்தும் இந்தப் பயத்துக்குத் தீனி வந்திருக்கிறது. 2017இல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட தாய்சேய் நலக் கையேடு, கர்ப்பிணிகள் இறைச்சியையும் காம இச்சையையும் விலக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னது. மகப்பேறு மருத்துவர்கள் பலர் வெளிப்படையாக மறுத்தார்கள். ரத்தசோகை இவ்வளவு பேருக்கு இருக்கும் நாட்டில் இறைச்சியைத் தவிர்க்கச் சொன்னதுதான் அதிகம் பேசப்பட்டது.

யாரெல்லாம் கட்டாயம் விலக வேண்டும்

முதல் வழி சிலருக்கு விருப்பம், சிலருக்குக் கட்டாயம். கட்டாயம் யாருக்கு என்பதில் குழப்பம் வேண்டாம்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியபடி கீழே இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. "பிளசென்டா கீழே இருக்கு" என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் ஏற்படும் அசைவிலேயே ரத்தம் பெருக்கெடுக்கலாம், வலிகூட இருக்காது. ஆணுறை போட்டாலும் இந்த ஆபத்து மாறாது. ஆனால் 20ஆவது வாரத்தை ஒட்டி, குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க எடுக்கும் அனாமலி ஸ்கேனில் நஞ்சுக்கொடி தாழ்வாக இருக்கிறது என்று எழுதப்பட்ட 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு, கர்ப்பப்பை வளர வளர அது மேலே போய்விடுகிறது. பிரசவ நேரம்வரை கீழேயே இருப்பது சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான். இதனால்தான் 32ஆவது வாரத்தை ஒட்டி மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது ஸ்கேனில் சரியாகிவிட்டது என்று வந்த பிறகும், முதலில் சொன்ன தடையை யாரும் எடுக்காததால் கடைசிவரை பயந்தபடியே இருக்கும் தம்பதிகள் உண்டு. தடை நீங்கிவிட்டதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் கூடாது. பனிக்குட நீர் கசிந்தாலோ உடைந்தாலோ கூடவே கூடாது. தடுப்பு போன பிறகு கிருமி உள்ளே ஏறிவிடும். கர்ப்பப்பை வாய் நீளம் குறைந்திருப்பவர்கள் (கர்ப்பத்தின் நடுவில் 25 மில்லிமீட்டருக்குக் கீழே), அதற்காகத் தையல் போட்டவர்கள், 37 வாரத்துக்கு முன்பே விட்டு விட்டு வலி வருபவர்கள் எல்லோரும் டாக்டர் சொல்லும்வரை விலகித்தான் இருக்க வேண்டும். முந்தின பிரசவம் குறைமாதத்தில் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) மூலம் கருத்தரித்தவர்கள் தாங்களாக முடிவு செய்யாமல் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் வராது.

கேட்பதில்தான் சிக்கலே இருக்கிறது. அரசு மருத்துவமனை ஓபியில் முன்னால் நான்கு பேர், பின்னால் ஆறு பேர் நிற்க, "மேடம், நாங்க சேர்ந்து இருக்கலாமா?" என்று எப்படிக் கேட்பது? டாக்டரும் அவசரத்தில் "கொஞ்ச நாள் தள்ளி இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது. மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எதனால் தள்ளி இருக்க வேண்டும், எந்த வாரம்வரை, எதெல்லாம் கூடாது. மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. சிலருக்கு உடலுறவு மட்டும் கூடாது. குறைப்பிரசவ ஆபத்து இருப்பவர்களுக்கு உச்சம் அடைவதும், மார்புக் காம்பைத் தூண்டுவதும்கூடத் தவிர்க்கப்பட வேண்டியவையாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டுமே கர்ப்பப்பையை இறுகச் செய்யும்.

நேரில் கேட்க வாய் வராவிட்டால் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டிவிடலாம். கிராமத்தில் வீட்டுக்கே வரும் செவிலியரிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் 104க்குப் போன் செய்தால் முகம் காட்டாமலே மருத்துவ ஆலோசனை கேட்கலாம். கணவனே டாக்டரிடம் கேட்பது இன்னும் நல்லது. செக்கப்புக்கு அவனும் உள்ளே வரட்டும், வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தடை ஏதும் இல்லாதபோதும் விலகுவது

மருத்துவக் காரணம் இல்லாமலும் ஒருவர் இந்த வழியை எடுக்கலாம். அவளுக்கு விருப்பமில்லை என்பதே போதுமான காரணம். முதல் மாதங்களில் மசக்கை, எதைக் கண்டாலும் குமட்டல், எழுந்து நடக்கவே தெம்பில்லாத அசதி, தொட்டால் வலிக்கும் மார்பு. இந்த நிலையில் ஆசை அடங்கிப்போவது இயல்பு. முன்பு ஒரு கருவை இழந்தவர்களுக்கு, பயத்தோடு சேர்ந்து இருப்பதைவிட நிம்மதியாகத் தள்ளி இருப்பதே மேல். அந்த நிம்மதிக்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆனால் பேசாமல் விலகுவதற்கு ஒரு விலையும் உண்டு. அவன் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒதுங்குகிறான். அவள், உடம்பு பெருத்துவிட்டது, முகம் கறுத்துவிட்டது, அதனால் தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறாள். ஸ்கேனில் இதயத்துடிப்பைக் கேட்ட பிறகு பல ஆண்களுக்கு உடலுறவை நினைத்தாலே பயமாகிவிடுகிறது. அது அன்பினால் வரும் பயம். அதை அவளிடம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். சொல்லாமல் வேறு அறையில் போய்ப் படுப்பதால்தான் விரிசல் விழுகிறது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவது நமக்கே உரிய வகைப் பிரிவு. ஏழாம் மாதத்தில் போய், குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்பினால் ஏறக்குறைய ஆறு மாதம். இதற்கு நான் எதிரி இல்லை. மாமியார் வீட்டில் கடைசி மாதம்வரை அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குக் கால் நீட்டிப் படுக்க அம்மா வீடுதான் கிடைக்கிறது. அந்த ஓய்வைப் பறிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கணவனை அதோடு சேர்த்து வெளியே நிறுத்த வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. சனி, ஞாயிறு வரும் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிற வீட்டில், அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேச ஒரு அறை கொடுக்கலாம். வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளலாம். பல குடும்பங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அல்லது அம்மா இங்கே வந்து இருக்கலாம். முடிந்தால் இதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. பார்த்துவந்த டாக்டரையும் மாற்ற வேண்டியதில்லை.

தொடர்வது என்றால் எப்படி

சிக்கல் இல்லை என்று உறுதியான பிறகு, இருவருக்கும் விருப்பம் இருந்தால், கடைசி வாரங்கள்வரைகூடத் தொடரலாம். ஆனால் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரியே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உடம்பு மாதாமாதம் மாறுகிறது.

நான்காவது மாதத்திலிருந்து ஏழாவது மாதம்வரை பலருக்கு நல்ல காலம். வாந்தி நின்றிருக்கும், வயிறு இன்னும் பெரிதாக இடைஞ்சல் செய்யாது. இடுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் ஆசையும் உணர்ச்சியும் முன்பைவிட அதிகமாகவே வரலாம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நினைப்பா என்று வெட்கப்பட்டு அதை மறைக்கும் பெண்கள் நிறைய. உடம்பு நன்றாக இருப்பதன் அடையாளமே அது, மறைக்க ஒன்றுமில்லை.

20 வாரத்துக்கு அப்புறம் நீண்ட நேரம் மல்லாந்து படுத்திருப்பது நல்லதில்லை. கர்ப்பப்பையின் பாரம் முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய் மேல் விழும்; தலைசுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். ஒருக்களித்துப் படுத்து, கணவன் பின்பக்கமாக இருப்பதுதான் பெரும்பாலோருக்குச் சுகம். வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. அவள் மேலே இருக்கும் நிலையில் ஆழமும் வேகமும் அவள் கையில் இருக்கும். வயிற்றின் மேல் பாரம் விழக் கூடாது, அவளுக்கு வலிக்கக் கூடாது. இந்த இரண்டு விதியைத் தாண்டி இதில் வேறு சட்டம் இல்லை.

சிலருக்கு வறட்சி இருக்கும். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஆணுறை போடுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, லேடெக்ஸ் கிழிந்துவிடும். வாய்வழி உறவு கொள்பவர்கள் பெண்ணுறுப்புக்குள் காற்றை ஊதவே கூடாது. காற்று ரத்தக்குழாயில் ஏறினால் அம்மாவுக்கும் குழந்தைக்கும் உயிராபத்து. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ஆசனவாய்வழி உறவைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பதே நல்லது. மூலம் வரும் காலம் இது, அங்குள்ள கிருமி முன்பக்கம் பரவவும் வாய்ப்பு அதிகம். முடிந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு வருவது நல்ல பழக்கம், கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும்.

உச்சம் அடைந்த பிறகு வயிறு கல் மாதிரி இறுகும். கொஞ்ச நேரம் இடப்பக்கமாகப் படுத்திருந்தால் தளர்ந்துவிடும். கர்ப்பப்பை வாயில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் லேசாக ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ரத்தக்கறை படுவதும் உண்டு. பதறத் தேவையில்லை, ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்து என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாப்கின் வைக்கும் அளவுக்கு ரத்தம், தண்ணீர் மாதிரிக் கசிவு, 37 வாரத்துக்கு முன்பே விட்டு விட்டுச் சீராக வரும் வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொற்று நோய்களைப் பற்றிப் பேசாமல் இந்த வழியைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986இல், மருத்துவர் சுனிதி சாலமனின் குழுவால். அதற்குப் பிந்தைய வருஷங்களில், கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்கள் கர்ப்பப் பரிசோதனையில்தான் தங்களுக்குத் தொற்று இருப்பதையே தெரிந்துகொண்டார்கள். இன்று முதல் செக்கப்பிலேயே எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். கணவனும் அதே நாளில் எடுத்துவிடுவது நியாயம். கர்ப்பத்துக்கு நடுவில் புதிதாகத் தொற்றும் கிருமிதான் குழந்தைக்கு மிகவும் ஆபத்து. ஆகவே வெளியில் வேறு உறவு இருந்தாலோ, இருந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ, விலகி இருக்க வேண்டும் அல்லது ஒருமுறை விடாமல் ஆணுறை போட வேண்டும். சிபிலிஸ் என்று வந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். ஆனால் இருவரும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மறுபடி தொற்றும். ஜிகா கிருமி பரவிய இடத்துக்குப் போய்வந்த கணவன் பிரசவம்வரை ஆணுறை போட வேண்டும். 2021இல் திருவனந்தபுரத்திலும் 2024இல் புனேயிலும் அது பரவியது, கர்ப்பிணிகளும் பாதிக்கப்பட்டார்கள். கொசு கடித்துத்தான் வர வேண்டும் என்றில்லை, விந்து வழியாகவும் வரும்.

மூன்றாவது வழி

டாக்டர் தடை போட்டவர்களுக்கும், பயம் போகாதவர்களுக்கும், ஒன்பதாம் மாத வயிற்றோடு எதுவும் முடியாது என்பவர்களுக்கும் இந்த வழி நம் ஊரில் கண்ணுக்கே தெரிவதில்லை. ஒன்று முழுக்க, இல்லையென்றால் சுத்தமாக ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறோம். வீங்கிய காலைப் பிடித்துவிடுவது, தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது, அணைத்துக்கொண்டு தூங்குவது, முத்தம், வயிற்றில் கைவைத்துக் குழந்தை உதைப்பதை இருவரும் சேர்ந்து உணர்வது எல்லாமே தாம்பத்தியம்தான். மருத்துவத் தடை இல்லாதவர்கள் கையால் ஒருவருக்கொருவர் இன்பம் கொடுத்துக்கொள்வதும் இதில் அடங்கும். கடைசி மாதங்களில் மார்பிலிருந்து சீம்பால் கசிந்தால் அதுவும் இயல்பே.

மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் இதைத்தான் எல்லோருக்கும் அடித்தளமாக வைப்பேன். உடலுறவு இதன்மேல் வரலாம், வராமலும் போகலாம். முதல் மூன்று மாதம் இது மட்டும், நடுவில் அதுவும் சேர்ந்து, கடைசியில் திரும்ப இது மட்டும் என்று ஒரே கர்ப்பத்தில் மாறி மாறிப் போகலாம். முதல் நாளே பத்து மாதத்துக்கும் முடிவெடுக்கத் தேவையில்லை.

எந்த வழியானாலும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "புருஷன் கேட்டா மறுக்கக் கூடாது, அப்புறம் அவன் வெளியே போயிடுவான்" என்று புத்தி சொல்லும் அத்தைகளும் சித்திகளும் இன்னும் இருக்கிறார்கள். தன் சபலத்துக்கு அவன்தான் பொறுப்பு. அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கிறவள் தலையில் வைப்பது அநியாயம். வற்புறுத்துவதும் அடிப்பதும் கர்ப்ப காலத்தில் சில வீடுகளில் கூடவே செய்கிறது. 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181க்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

வலி வரவழைக்கச் சேர்ந்து இருக்கலாமா?

சொன்ன தேதி நெருங்கும்போது சில வீடுகளில் அறிவுரை அப்படியே தலைகீழாகிறது. இத்தனை மாதம் தள்ளி இருக்கச் சொன்னவர்களே, "இப்ப சேர்ந்து இருந்தா சீக்கிரம் வலி வந்துடும்" என்பார்கள். விந்துவில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் இருக்கிறது. கர்ப்பப்பை வாயை இளக்க மருத்துவமனையில் வைக்கும் மருந்தும் அந்த வகைதான். கேட்க நம்பும்படி இருக்கிறது. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை முறையாகச் சோதித்தார்கள். மாதம் நிறைந்த கர்ப்பிணிகளில் ஒரு பாதிப் பேரிடம் சேர்ந்து இருக்கச் சொல்லி, மறு பாதியினரிடம் சொல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். பிரசவம் முந்திக்கொள்ளவில்லை. ஆபத்தும் தெரியவில்லை. ஆக, 39 வாரத்தில் ஆசை இருந்தால் சேர்ந்து இருங்கள். வலி வரவழைக்க என்று கடமையாகச் செய்ய வேண்டாம். விளக்கெண்ணெய் குடிப்பதற்கு இது எவ்வளவோ மேல், அதில் வயிற்றுப்போக்கும் நீர்ச்சத்து இழப்பும்தான் நிச்சயம். தேதி தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஒன்பதாம் மாத செக்கப்பில் இன்னொரு விஷயத்தையும் பேசிவிட வேண்டும். குழந்தை பிறந்து ஏறக்குறைய ஆறு வாரம், தையலும் உள்காயமும் ஆறும்வரை, உறவு வேண்டாம் என்று சொல்வார்கள். ஆனால் மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு மறுபடி உண்டாகலாம். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருந்தால்தான் பால் கொடுப்பதே ஓரளவு தடுப்பாக இருக்கும். இதில் ஒன்று தவறினாலும் அதை நம்ப முடியாது. காப்பர் டி வேண்டுமென்றால் பிரசவமான 48 மணி நேரத்துக்குள், சிசேரியன் என்றால் ஆபரேஷனின்போதே, போட்டுவிட முடியும். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. வேண்டாம் என்றால் ஆணுறையோ, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டும் பிறகு வாரத்துக்கு ஒன்றுமாகச் சாப்பிடும் சாயா மாத்திரையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியோ இருக்கிறது. ஊசியைப் பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகுதான் போட வேண்டும். பிரசவ வலியில் இருக்கும்போது லேபர் வார்டில் கையெழுத்துக் கேட்டால் யாராலும் யோசிக்க முடியாது. அதனால் எது வேண்டும் என்று இருவரும் முன்கூட்டியே பேசி, அவள் சம்மதத்தைக் கர்ப்பிணி அட்டையில் எழுதச் சொல்லிவிடுங்கள்.